டயர் வர்றதுக்கு முன்னாடி

புல் பயந்து சாகிறது என்று சூப்பர்வைசர் டேனியல் சார் சொல்லிவிட்டுப் போய் ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகியிருக்கும். சுகந்தி இன்னும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், அவள் எதிரே திரையில் அதே லாரி டயர் அதே மேட்டிலிருந்து இறங்கி அதே புல்வெளிக்குள் உருண்டு உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. படத்தில், ஹைவேயில் போகிற லாரியிலிருந்து டயர் ஒன்று கழன்றுகொள்ளும், ரோட்டைத் தாண்டி முழங்கால் உயரப் புல்லுக்குள் புகுந்து ஓடும், தள்ளாடும், சாயும், அவ்வளவுதான் காட்சி. எல்லாமே கம்ப்யூட்டரில் செய்வது. டயரை ஒருத்தர் செய்து கொடுத்துவிட்டார், வானத்தை இன்னொருத்தர், புல் மட்டும் சுகந்தியுடைய பொறுப்பு. டயர் பட்டால் மடங்க வேண்டும், போனபிறகு மெல்ல நிமிர வேண்டும், இதற்குப் போய் மூன்று வாரமா என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். "பாரும்மா, டயர் இன்னும் ஒரு முழம் தள்ளி இருக்கு, அதுக்குள்ள உன் புல்லு குனிஞ்சு கும்பிடு போடுது. தொடாமயே சாஞ்சா டயருக்கு வெயிட் எங்கேர்ந்து வரும்? தெர்மாகோல்ல செஞ்ச டயர் மாதிரி இருக்கு. லஞ்சுக்கு அப்புறம் டைரக்டர் வர்றாரு, அதுக்குள்ள..." என்று அவர் முடிக்கவில்லை, அதற்குள் "சரி சார்" என்றுவிட்டாள். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அவள் சரி என்றதும் பாக்கியை விழுங்கிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த ஒரு சரிதான் இப்போது தொண்டையில் மீன் முள்ளாய் நிற்கிறது. இன்றைக்கு அந்த வார்த்தை வாயிலிருந்து வரவே கூடாது என்று காலையில் வில்லிவாக்கத்தில் பஸ் ஏறும்போது தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டு வந்திருந்தாள். ஏனென்றால் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குக் கீழே மெஸ்ஸுக்கு நந்தகுமார் வருகிறார். அவள் புருஷன்தான். அவள் அக்கா வீட்டுக்கு வந்து மாசக்கணக்காகிறது, நேற்று போன் செய்து "நாளைக்கு உன் ஆபீஸ் பக்கம் வர்றேன், பேசணும்" என்றார், அதற்கும் சரி என்றுதான் சொன்னாள். வீட்டுக்கு வா என்று கூப்பிடப்போகிறார், வேறென்ன. போக அவளுக்கு இஷ்டமில்லை. அது அவளுக்குத் தெரியும், சந்தேகமே இல்லை. அது அவள் வாய்க்குத் தெரியுமா என்பதுதான் சந்தேகம். இந்த வாய் இருக்கிறதே, அது ஒரு தனி ஜென்மம், எதிரில் இருப்பவர் மூச்சை இழுத்தாலே போதும், கேள்வி வருவதற்குள் பதிலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும்.

காற்றாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தாள். புல்வெளிக்கு மெல்லிய காற்று கொடுத்திருந்தாள், அது டயர் வருகிற திசையிலிருந்தே அடிப்பதால் முன்கூட்டியே சாய்க்கிறதோ என்று காற்றை நிறுத்திப் பார்த்தாள். புல் விறைத்துக்கொண்டு நின்றது, டயர் வந்தது, ஒரு முழம் இருக்கும்போதே மறுபடியும் கும்பிடு. காற்று இல்லை. காற்று இல்லாமலே சாய்கிற புல்லை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஏசி குளிரில் விரல் நுனி மரத்துப்போயிருந்தது, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், துப்பட்டாவில் அக்கா வீட்டு சோப்பு வாசனை. அக்கா வீட்டில் எல்லாரும் இரைந்து பேசுவார்கள், மாமா டிவியைப் பார்த்துத் திட்டுவார், அக்கா மாமாவைத் திட்டுவாள், யாரும் யாரையும் கண்டுகொள்ள மாட்டார்கள், முதல் வாரம் முழுக்கச் சுகந்தி ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கொளத்தூரில் அவளும் நந்தகுமாரும் இருந்த வீட்டில் சத்தமே கிடையாது. சாயங்காலம் ஆனால் அவள் காது தெருமுனைக்குப் போய்விடும். பைக் எந்த கியரில் திரும்புகிறது, கேட் முன்னால் இஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருகிறாரா அல்லது உறுமவிட்டு ஏற்றுகிறாரா, ஸ்டாண்டைப் போடும்போது மெதுவாகவா டங்கென்றா, செருப்பு ஒன்றன்பின் ஒன்றாகவா இரண்டும் ஒரே உதறலிலா. அவர் கதவைத் தொடுவதற்குள் அவளுக்கு அன்றைய ராத்திரி முழுக்கத் தெரிந்துவிடும். அதன்படி டிவி சத்தம் குறையும், ரசத்துக்குப் பதில் குழம்பு சூடாகும், அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த போன் பாதியில் கட்டாகும், அவள் முகம்கூட அதற்கேற்றபடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ளும். அவர் உள்ளே வரும்போது எல்லாம் வழிவிட்டு நிற்கும். எதிலும் முட்டாமல் வந்து, எதிலும் முட்டாமல் சாப்பிட்டு, எதிலும் முட்டாமல் படுத்துவிடுவார். அடேயப்பா, என்ன ஒரு குடும்பம் என்று பக்கத்து வீட்டு அம்மாள் மெச்சிக்கொள்வாள், உங்க வீட்ல ஒரு சண்டை சச்சரவு கேட்டதில்ல என்று. சுகந்திக்கு அதில் பெருமைகூட இருந்தது, வெட்கக்கேடு.

காற்று இல்லை என்றால் ஃபிரேம் கணக்கு பிசகியிருக்க வேண்டும். டயரின் ஓட்டம் ஒரு கணக்கிலும் புல்லின் கணக்கு அதற்குச் சற்று முந்தியும் இருந்தால் இப்படி நடக்கும், முன்பு ஒரு படத்தில் யானைக் காலுக்கும் சேற்றுக்கும் அப்படி நடந்து அவளே கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினாள். பிசகவில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, எல்லாம் ஒழுங்காக இருந்துகொண்டே தப்பாக இருக்கிறது. இதைத்தானே அவள் எல்லாருக்கும் சொல்ல முடியாமல் தவித்தாள். "அடிச்சாரா?" என்று கேட்டாள் அக்கா, அவள் பெட்டியோடு வந்து நின்ற அன்றைக்கு. இல்லை. "குடிக்கிறாரா?" இல்லை. "வேற யாராவது?" ஐயோ இல்லை அக்கா. "அப்புறம் என்னடி உனக்கு?" அக்கா கெட்டவள் இல்லை, தோசை வார்த்துப் போட்டுக்கொண்டேதான் கேட்டாள், அவளுக்குப் புரிகிற மாதிரி ஒரு காயத்தைக் காட்ட இவளிடம் ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று உண்டு, அதுவும் உடம்பில் இல்லை, சுவரில். கல்யாணமான புதிதில் ஒரு நாள், ஆபீஸில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் போல, வந்ததும் வராததுமாக டிபன் பாக்ஸைச் சுவரில் விசிறி அடித்தார். அவள் மேல் இல்லை, அவள் பக்கம்கூட இல்லை. சுவரில் காரை பெயர்ந்தது, மிச்சமிருந்த தயிர்சாதம் தரையெல்லாம். அவரே பயந்துபோய் நின்றார், அதுவும் உண்மை. மறுநாள் அவள் அந்த இடத்தில் காலண்டரை மாட்டினாள். அதற்கப்புறம் அவர் எதையுமே எறிந்ததில்லை. எறிகிற நிலைமையே வரவிடாமல் அவள் பார்த்துக்கொண்டாள். ஏழு வருஷம். ஒரு நாள் அதிசயமாக அவர் நல்ல மூடில், விசிலடித்துக்கொண்டு, மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தார். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அவள் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே அவர் விசில். உள்ளே இவள் இதயம் காதில் அடிக்கிறது. இது சரியில்லை என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தோன்றியது. பூவைக் கொடுத்து, "ஏன் முகமெல்லாம் வேர்த்திருக்கு?" என்றார். சமையல்கட்டு சூடு என்றாள்.

பக்கத்து இருக்கையிலிருந்து மெர்லின் எட்டிப் பார்த்தாள். "இன்னும் அதே ஷாட்டா? என்னதான் பிரச்சனை உன் புல்லுக்கு?" மெர்லின் இரண்டு வருஷமாக அவளோடு வேலை பார்க்கிறவள், வாயாடி, ஆனால் கெட்டிக்காரி. தொடறதுக்கு முன்னாடியே சாயுது என்றாள் சுகந்தி. "உறையைத் திரையில போட்டுப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டு மெர்லின் தன் வேலைக்குத் திரும்பிவிட்டாள். உறை. சுகந்திக்குச் சுரீரென்றது. புல்லுக்கு டயர் தெரியாது, தெரியவே தெரியாது. டயரைச் சுற்றி கண்ணுக்குத் தெரியாத ஒரு உறையைப் போட்டு, அது எங்கே தொடுகிறதோ அங்கே மடங்கு என்றுதான் புல்லுக்குச் சொல்லி வைத்திருக்கும். அந்த உறையை டயரைவிடக் கொஞ்சம் பெரிதாக வைப்பது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான், இல்லாவிட்டால் புல் நுனி டயர் ரப்பருக்குள் குத்திக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும், பார்க்க அசிங்கமாக இருக்கும். உறையைத் திரையில் தெரியும்படி மாற்றினாள். பச்சைக் கோடுகளால் பின்னிய ஒரு பெரிய பூதம் எழுந்து நின்றது. டயர் அதன் நடுவில், பாவம், பெரிய சட்டிக்குள் வைத்த வடை மாதிரி கிடந்தது. யார் இவ்வளவு பெரிதாக்கியது என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். கேட்டபோதே தெரியும். முதல் ரிவ்யூவில் ரெண்டு புல் டயருக்குள் குத்துகிறது என்றார்கள், உறையைக் கொஞ்சம் கூட்டினாள். அடுத்ததில் ஓரமாக இன்னொன்று குத்துகிறது என்றார்கள், இன்னும் கொஞ்சம். அதற்கப்புறம் யாரும் சொல்லாமலே, ரிவ்யூவுக்கு முந்தி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சுற்று, மறுநாள் மறுபடியும் ஒரு சுற்று. பிறகு குத்துகிறது என்று யாரும் சொல்லவில்லை. அவளும் அதை மறந்துவிட்டாள். அதற்கப்புறம் டயரை எந்தப் புல்லும் தொடவே இல்லை.

இதையும் அதையும் போட்டு முடிச்சுப் போடாதே என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள், இது வேலை, அது வாழ்க்கை. அதட்டினால் மனசு கேட்குமா? அது பாட்டுக்கு ஓடியது. அப்படியானால் நந்தகுமார் என்கிற மனிதன் எவ்வளவு கனம் என்று எனக்கே தெரியாதோ? ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட எதிரே நின்று பார்த்ததில்லையே. ஒருவேளை நின்றிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காதோ, கொஞ்சம் கத்தியிருப்பார், நானும் கத்தியிருப்பேன், அக்கா வீடு மாதிரி ஆகியிருக்கும். ஒருவேளை நின்றிருந்தால் டிபன் பாக்ஸ் சுவரை விட்டுவிட்டு என் மேலேயே வந்திருக்குமோ. இரண்டுமே இருக்கலாம். அதற்காக எல்லாப் பழியையும் தூக்கி என் தலையில் போட்டுக்கொள்ள முடியுமா? உறை தானாக வளரவில்லை, முதலில் குத்தியது எதுவோ அதனால்தானே வளர்ந்தது. அவள் வழிவிட்டு நின்ற ஏழு வருஷமும் அவருக்கு சௌகரியமாகத்தானே இருந்தது, ஏன் இந்த வீட்டில் எதிலும் நான் முட்டுவதில்லை என்று ஒரு நாளாவது யோசித்தாரா? கோபம் வந்தது. கோபம் வந்ததில் ஒரு ஆச்சரியமும் வந்தது, வயிற்றில் சூடாக, பசி மாதிரி. யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டாள். மெர்லின் ஹெட்போனில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

உறையைக் குறைத்தாள். டயரோடு ஒட்டுகிற வரைக்கும் குறைத்தாள், விரல் அங்கே நின்றது. இப்படியே விட்டால் குத்தும். நிச்சயமாக ரெண்டு புல்லாவது குத்தும், டைரக்டர் பார்ப்பார், டேனியல் சார் பார்ப்பார், எல்லார் முன்னாலும் பெரிய திரையில் நிறுத்தி, பாருங்கம்மா இங்கே என்று சிவப்பு வட்டம் போடுவார்கள். கொஞ்சம், ஒரே ஒரு சுற்று, எதற்கும் இருக்கட்டுமே என்று விரல் தானாகவே கூட்டப் பார்த்தது. சும்மா இரு என்றாள் விரலிடம். குத்தட்டும். குத்துகிற புல்லைப் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம், அதற்காக இத்தனை புல்லையும் கும்பிட வைக்க முடியாது. ஓடவிட்டாள். கம்ப்யூட்டர் உள்ளே விசிறி இரைய ஆரம்பித்தது, இனிமேல் அது ஒவ்வொரு புல்லாகக் கணக்குப் போட்டு முடிக்க நேரமெடுக்கும், சாப்பிட்டுவிட்டு வந்தால்தான் தெரியும். மணியைப் பார்த்தாள். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டிருந்தது. படியில் இறங்கும்போதே காது முன்னால் ஓடிவிட்டது, தெருவில் அவர் பைக் சத்தம் கேட்கிறதா, எந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறார், உறுமலா அமைதியா. ஒன்றும் கேட்கவில்லை. மெஸ் வாசலில் பைக்கே இல்லை. வரவில்லையோ என்று ஒரு நிம்மதி, அந்த நிம்மதியைப் பார்த்தே ஒரு அவமானம். உள்ளே எட்டிப் பார்த்தாள், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தார். மெட்ரோவில் வந்திருப்பார் போல. எந்த மூடில் வந்திருக்கிறார் என்று அவளுக்குச் சொல்ல எதுவுமே இல்லை.

இஸ்திரி போட்ட சட்டை, ஆனால் காலர் சரியாக மடியவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. தண்ணீர் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது அவளுக்கு, இல்லை என்று சொல்ல முடியாது, ஓடிப்போய்க் காலரைச் சரிசெய்துவிடக் கை பரபரத்தது. எதிரில் உட்கார்ந்தாள்.

"அரை நாள் லீவு போட்டேன்" என்றார். "என்ன சாப்பிடற?"

உங்களுக்கு என்ன வேணுமோ அதுவே எனக்கும். வார்த்தை பல்வரை வந்துவிட்டது. வந்ததை அப்படியே உள்ளே தள்ளிவிட்டு, சுவரில் எழுதிப்போட்டிருந்ததை நிதானமாகப் படித்தாள். புளி, தயிர், லெமன்.

"லெமன் சாதம்."

"நீ லெமன் சாதம் சாப்பிடுவியா?" அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"ரொம்பப் பிடிக்கும்."

அவருக்கு லெமன் சாதம் ஆகாது, வாசனையே ஆகாது, அதனால் அந்த வீட்டில் அது அடுப்பேறியதே இல்லை. அவர் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், சர்வரிடம் ஒரு லெமன், ஒரு தயிர் என்றார். பிறகு பேச்சு நின்றது. பேச்சு நின்றால் அவளுக்குத் தாங்காது, எப்போதும் அவள்தான் எதையாவது போட்டு நிரப்புவாள், உடம்பு எப்படி இருக்கு, அத்தை எப்படி இருக்காங்க, நான் வேணா அடுத்த வாரம் வரட்டுமா. கடைசி வாக்கியம் உண்மையிலேயே நாக்கின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது, கடவுளே, அவர் இன்னும் கேட்கவே இல்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். கேட்கட்டும். கேட்க வந்தது அவர்தானே, கேட்கட்டும். அவருக்குக் கேட்கத் தெரியவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தாள். தொண்டையைக் கனைத்தார், ஜன்னல் வழியே பார்த்தார், அப்புறம் என்றார், நிறுத்தினார், இவள் எடுத்துக்கொடுப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் எடுத்துக்கொடுக்கவில்லை. வேர்த்தது அவருக்கு.

"வீட்டுக்கு வா, சுகந்தி" என்றார் கடைசியில்.

"இப்ப வரல."

சொன்னதுமே அந்த இப்ப அவளுக்கே கசந்தது. அதை எதற்குச் சேர்த்தாள்? யாருக்கு வலிக்கக் கூடாதென்று? கையை மேஜை மேல் வைத்து, அவர் கண்ணைப் பார்த்து, திருத்திச் சொன்னாள்.

"வரல."

அவர் புருவத்துக்கு நடுவில் அந்தக் கோடு விழுந்தது. அந்தக் கோடு அவளுக்குத் தெரியும், தூக்கத்தில் தொட்டால்கூட அடையாளம் சொல்லுவாள். டம்ளரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. அவள் உடம்பு முழுக்க எழுந்து பாத்ரூம் பக்கம் ஓடப் பார்த்தது, கால்கட்டைவிரலைத் தரையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். மெஸ் நிறைய ஆட்கள், தட்டுச் சத்தம், சர்வர் யாருக்கோ அப்பளம் என்று கத்துகிறான். வரட்டும். என்ன வருகிறதோ வந்து என் மேல் படட்டும், பட்டால்தானே தெரியும்.

"ஏன்?" என்றார்.

கத்தவில்லை. குரல் உடைந்திருந்தது, கேள்வியாகவே இருந்தது, பதில் தெரியாதவர் கேட்கிற கேள்வி. கத்தலுக்கு, முறைப்புக்கு, எழுந்து போவதற்கு, எல்லாவற்றுக்கும் அவள் தயாராக வந்திருந்தாள், இந்த ஒன்றுக்குத் தயாராக இல்லை. கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை. லெமன் சாதமும் தயிர்சாதமும் வந்தன. அவர் இலையைத் தொடவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு, சுகந்தி. எனக்கு நெஜமாவே தெரியல."

அவள் சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டாள். நன்றாகப் புளித்தது. மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"சொல்றேன். ஆனா அரை நாள் பத்தாதுங்க."